கூடைப்பந்து நடுவர் எப்போது வாயால் எச்சரிக்கலாம், எப்போது விசில் ஊத வேண்டும்: முழுமையான வழிகாட்டி

முதல் கால்பகுதியில் அந்தப் புதிய நடுவர், எதிராளி மீது கை வைத்துக்கொண்டிருந்த ஒரே தடுப்பாட்டக்காரரிடம் "கை, கை" என்று ஆறு முறை சொன்னார். மூன்றாம் கால்பகுதியில் அதே கைக்கு விசில் ஊதினார். பயிற்சியாளர் எழுந்து, "இவ்வளவு நேரம் பேசிக்கொண்டுதானே இருந்தீர்கள், இப்போது மட்டும் எப்படி ஃபவுல் ஆனது?" என்று கேட்டார். புதியவரிடம் பதில் இல்லை. அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த என்னிடமும் இல்லை.

நடுவர் ஆட்டத்தின்போது வீரர்களை வாயால் எச்சரிக்கலாமா என்றால், எச்சரிக்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் மீறல் முற்றுவதற்கு முன்பு மட்டுமே பேச்சுக்கு இடம் உண்டு. முற்றிய பிறகு விசில்தான். இந்த வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஆறு "கை"களும் காட்டின. புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நான் வகுத்துக்கொண்ட வரிசை இது.

1. விதிநூலில் எச்சரிக்கை எங்கே இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எச்சரிக்கைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. விதி கட்டாயமாக்கும் எச்சரிக்கை உண்டு. நடுவரின் விருப்பத்துக்கு விதி விட்டுவைத்த எச்சரிக்கை உண்டு. விதிநூலில் எங்குமே இல்லாத, ஓட்டத்தோடு ஓட்டமாகச் சொல்லும் "வெளியே", "கை" போன்ற பேச்சும் உண்டு. போட்டிக்கு முந்தைய நாளே இவற்றைத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளில் 36ஆவது பிரிவு டெக்னிக்கல் ஃபவுலைப் பற்றியது, அதாவது உடல் தொடுகை இல்லாத, நடத்தை சார்ந்த தவறைப் பற்றியது. வேண்டுமென்றே செய்யாத, ஆட்டத்தை நேரடியாகப் பாதிக்காத சிறு மீறல்களை எச்சரித்து விடும் உரிமையை அது நடுவருக்குத் தருகிறது. நடுவரின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததே டெக்னிக்கல் ஃபவுலாகலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. புதியவர்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

கட்டாய எச்சரிக்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு, நான்காம் கால்பகுதியிலும் ஒவ்வொரு கூடுதல் நேரத்திலும் கடைசி 2 நிமிடங்களில் வரும் த்ரோ-இன் (எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது). பந்தை உள்ளே எறிபவருக்கு எதிரே தடுப்பாட்டக்காரர் நின்றால், பந்தைக் கொடுப்பதற்கு முன்பே எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது என்ற சைகையை நடுவர் காட்ட வேண்டும். அதன் பிறகும் அவர் கோட்டைத் தாண்டிக் குறுக்கிட்டால் டெக்னிக்கல் ஃபவுல். அங்கே இரண்டாவது எச்சரிக்கை கிடையாது.

தொலைக்காட்சியில் பார்த்ததை இங்கே கலக்காதீர்கள். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆட்டத்தைத் தாமதப்படுத்தும் அணிக்கு முதலில் எச்சரிக்கை, மறுமுறை டெக்னிக்கல் ஃபவுல். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் சில எச்சரிக்கைகள் ஸ்கோர் புத்தகத்திலேயே பதிவாகும். ஃபீபா ஸ்கோர் தாளில் அப்படித் தனிக் கட்டம் இல்லை. அதனால் யாரை எதற்காக எச்சரித்தோம் என்பதை நினைவில் வைக்கும் பொறுப்பு நடுவர் குழுவின் தலையில் விழுகிறது.

2. சக நடுவரோடு முன்கூட்டியே பேசுங்கள்

ஃபீபா விதிப்படி ஆட்டம் தொடங்குவதற்கு 20 நிமிடங்களுக்கு முன் நடுவர்கள் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். இந்தப் பேச்சு அதற்கும் முன்பு, உடை மாற்றும் அறையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு கேள்விகள் போதும். எவற்றைப் பேசித் தீர்க்கப்போகிறோம்? ஒருவர் எச்சரித்தால் மற்றவருக்கு எப்படித் தெரிவிப்பது? நான் எச்சரித்தது உங்களுக்குத் தெரியாவிட்டால் மறுமுனையில் அதே வீரருக்கு நீங்கள் இன்னொரு முதல் எச்சரிக்கை கொடுப்பீர்கள். மூன்று நடுவர்கள் இருந்தால் மூன்று. கொஞ்சம் விவரம் தெரிந்த வீரர் இதை இரண்டாம் கால்பகுதிக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

3. எதைப் பேசலாம், எதை எச்சரிக்கலாம், எதற்கு விசில் மட்டும்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. மற்றவை எல்லாம் இதைப் பொறுத்தவை.

ஓட்டத்தில் பேசித் தீர்க்கக்கூடியது: இன்னும் யாருக்கும் ஆதாயம் தராத செயல். தாக்கும் அணியின் உயரமான வீரர் தடைப்பகுதிக்குள் (கூடைக்கு முன்னால் கோடிட்ட, தாக்கும் வீரர் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத இடம்) ஒரு காலை வைத்து நிற்கிறார். பந்து மறுபக்கத்தில் இருக்கிறது. அவரை யாரும் பார்க்கவே இல்லை. "வெளியே" என்ற ஒரு சொல் போதும். கூடைக்கு அருகில் இருவர் இடம் பிடிக்க முதுகும் மார்புமாக உரசத் தொடங்குகிறார்கள். இன்னும் யாரும் நகர்த்தப்படவில்லை. "கைகள் கீழே" என்று சொல்லலாம். பந்தைத் தட்டிக்கொண்டு வருபவரின் இடுப்பை ஒரு கை லேசாகத் தொட்டு விலகுகிறது. "கை" என்று சொல்லலாம்.

ஆட்டம் நிற்கும்போது முறையாக எச்சரிக்க வேண்டியது: நடத்தை சார்ந்தது. கூடைக்குள் பந்து விழுந்த பிறகு அதைத் தட்டிவிடுவது, த்ரோ-இன்னைத் தாமதப்படுத்துவது, தீர்ப்பு சொன்ன ஒவ்வொரு முறையும் கைகளை விரிப்பது, எதிராளியிடம் தொணதொணப்பது, அடிபட்டது போல நடித்து விழுவது. கூடை விழுந்த பின் பந்தைத் தொட்டுத் தாமதப்படுத்துவதற்கான எச்சரிக்கை ஃபீபா விளக்கங்களின்படி அந்த அணி முழுவதற்கும், ஆட்டம் முடியும் வரை பொருந்தும். நடித்து விழுவதற்கு முன்கையை இரண்டு முறை உயர்த்திக் காட்டும் சைகை இருக்கிறது. அதைக் காட்ட ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஓட்டம் தானாக நிற்கும்போது வீரரிடமும் அவருடைய பயிற்சியாளரிடமும் சொல்லுங்கள்.

விசில் மட்டும்: எதிராளியை இடம்பெயர்த்த தொடுகை, கூடையை நோக்கி எறியும்போது கையில் விழுந்த அடி, ஆபத்தான முழங்கை, வசவு. இவற்றில் பேச்சுக்கு இடமே இல்லை. அடித்தவரிடம் "அடுத்த முறை ஊதுவேன்" என்று சொன்னால், அடி வாங்கியவருக்கு என்ன பதில்?

தொடுகை எந்தப் பக்கம் விழுகிறது என்று தீர்மானிக்க, நடுவர்கள் பலரும் பயன்படுத்தும் நான்கு அளவுகோல்கள் உண்டு: பந்து வைத்திருப்பவரின் தாளம், வேகம், சமநிலை, விரைவு. தொடுகை இந்த நான்கில் ஒன்றைக் குலைத்தாலும் அது ஃபவுல். எதையும் குலைக்காவிட்டால்தான் பேச்சு. கையைக் கண்டவுடன் வாயைத் திறக்காமல், தொடப்பட்டவரின் கால்களைப் பாருங்கள். நடை தடுமாறியதா என்பது அங்கேதான் தெரியும்.

இனி பலரும் எதிர்பார்க்காத ஒன்று. நேரம் சார்ந்த மீறல்களில் 3 விநாடி விதிக்கு மட்டும்தான் பேச்சு பொருந்தும். பின்பாதியிலிருந்து பந்தைக் கொண்டுவர 8 விநாடி, த்ரோ-இன்னுக்கு 5 விநாடி, நெருங்கித் தடுக்கப்பட்டவருக்கு 5 விநாடி: இவற்றில் "சீக்கிரம்" என்று சொல்வது ஒரு அணிக்கு நேரம் சொல்லிக் கொடுப்பதாகும். பந்தைத் தட்டாமல் நடந்துவிடும் காலடித் தவறு, இருமுறை தட்டுதல் ஆகியவற்றிலும் முன்கூட்டியே சொல்ல எதுவும் இல்லை. ஊதிய பிறகு வேண்டுமானால் எந்தக் கால் நகர்ந்தது என்று ஒரு சொல்லில் காட்டலாம்.

ஸ்கிரீன் போட, அதாவது தடுப்பாட்டக்காரரின் வழியில் நின்று மறிக்க, வருபவரிடம் "அசையாதீர்கள்" என்று சொல்லும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதுகுப் பக்கம் ஸ்கிரீன் வருகிறது என்பது அதுவரை தெரியாத தடுப்பாட்டக்காரருக்கும் அந்தக் குரல் கேட்கும். நடுவரின் வாயால் ஒரு அணியின் திட்டம் வெளியே போய்விடுகிறது.

4. ஓட்டத்தில் சொல்லும் சொல்: எப்போது, எப்படி

ஒரு சொல், அதிகம் போனால் மூன்று. நிறம், எண், செயல் என்ற வரிசை நல்லது: "வெள்ளை ஐந்து, கை." எண் சொல்லாமல் பொதுவாகக் கத்தினால் பத்துப் பேரும் தன்னைச் சொல்லவில்லை என்றே நினைப்பார்கள்.

குரல் அந்த இருவருக்குக் கேட்டால் போதும். அரங்கம் முழுக்கக் கேட்டால் அது அவமானப்படுத்துவதாக ஆகிவிடும். அவமானப்பட்டவர் திருந்துவதைவிட வாதாடத்தான் வருவார். பேசும்போது நடந்துகொண்டே இருங்கள். நின்று பேசினால் உங்கள் கண்ணும் நின்றுவிடும். மற்ற எட்டுப் பேரை யாரும் பார்க்காத நேரம் அதுதான். வீரரைத் தொடாதீர்கள், விரல் நீட்டாதீர்கள்.

3 விநாடி விவகாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. தடைப்பகுதிக்குள் நிற்பவரிடம் "வெளியே" என்கிறீர்கள். அதே கணத்தில் அவருக்குப் பந்து வருகிறது, திரும்புகிறார், கூடை விழுகிறது. எதிரணிப் பயிற்சியாளருக்கு உங்கள் குரல் கேட்டிருக்கிறது. மீறலைப் பார்த்தும் கூடையை அனுமதித்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி. ஆகவே பந்து அவர் பக்கம் வராதபோது மட்டும் பேசுங்கள். 3 விநாடிக்கு மேல் அங்கேயே நின்று, அந்த இடத்தில் பந்தையும் வாங்கிவிட்டால் ஊதுங்கள். வெளியேற முயல்பவருக்கு விதியே சலுகை தருகிறது. உங்கள் சொல்லைக் கேட்டு ஒரு காலை எடுத்துவைத்தவரை உடனே தண்டிக்காதீர்கள்.

ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) எறிபவரின் கையில் பந்து இருக்கும்போது யாரிடமும் எதுவும் பேசக் கூடாது. வரிசையில் நிற்பவர்களிடம் சொல்ல வேண்டியதைப் பந்தைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லி முடியுங்கள்: எத்தனை எறிதல், கடைசி எறிதல் எது, பந்து கையை விட்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும் என்பது.

விசிலுக்குப் பிறகும் பேச்சு உண்டு. பல புதியவர்கள் ஊதிவிட்டு வாயை மூடிக்கொண்டு ஸ்கோர் எழுதும் மேசையை நோக்கி ஓடுகிறார்கள். தள்ளுமுள்ளு பெரும்பாலும் ஊதிய பிறகுதான் தொடங்குகிறது. இருவர் ஒரே பந்தைப் பிடித்து இழுக்கும்போது ஊதிவிட்டு, அருகில் போய், "விட்டுவிடுங்கள், என் பந்து, விட்டுவிடுங்கள்" என்று கைகள் பிரியும் வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

5. ஆட்டம் நின்றிருக்கும்போது முறையான எச்சரிக்கை

முதலில் ஆட்டக் கடிகாரம் நின்றிருப்பதை உறுதிசெய்யுங்கள். ஓட்டத்துக்கு நடுவே எச்சரிக்கைக்காக மட்டும் விசில் ஊதினால், முன்னேறி வரும் அணியின் வாய்ப்பைப் பறித்துவிடுவீர்கள். எச்சரிக்கப்பட வேண்டியவர் தடுக்கும் அணியில் இருந்தால் தண்டனை எதிரணிக்குப் போய்ச் சேரும்.

அடுத்து, வீரரிடம் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். முகத்துக்கு முகம் நின்றால் சண்டை போலத் தெரியும். செயலைச் சொல்லுங்கள்; ஆளை விமர்சிக்காதீர்கள். "கூடை விழுந்த பிறகு பந்தைத் தட்டினீர்கள். இது எச்சரிக்கை. மறுபடி நடந்தால் டெக்னிக்கல்." இவ்வளவுதான். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்டால் பதில் வரும், பதிலுக்குப் பதில் வரும், ஆட்டம் நிற்கும்.

மூன்றாவதாக, அணித்தலைவர் அருகில் இருந்தால் அவரிடமும் ஒரு வரி. பந்து ஆட்டத்தில் இல்லாமல் கடிகாரம் நின்றிருக்கும்போது மரியாதையாக நடுவரிடம் விளக்கம் கேட்க அணித்தலைவருக்கு ஃபீபா விதி இடம் தருகிறது. அந்த வழியை நீங்களும் பயன்படுத்தலாம். நடுவர் சொல்லிக் கேட்காத வீரர் தன் தலைவர் சொல்லிக் கேட்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்காவதாகப் பயிற்சியாளர். அணி முழுவதற்கும் பொருந்தும் எச்சரிக்கை என்றால் அவரிடம் சொல்லாமல் விடவே கூடாது. அடுத்த முறை அதே அணியில் வேறொருவர் செய்து நீங்கள் டெக்னிக்கல் கொடுக்கும்போது, "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்ற வாதம் நியாயமாகிவிடும்.

கடைசியாகச் சக நடுவருக்குச் சொல்லிவிட்டுத்தான் பந்தைக் கொடுக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எண்ணையும் காரணத்தையும் சொல்ல 2 விநாடி ஆகும்.

6. எச்சரித்த பிறகு ஊதுங்கள்

சொன்னது ஒரு முறை, அடுத்தது விசில். இதைச் செய்ய மனமில்லாதவர் எச்சரிக்கவே வேண்டாம். எச்சரித்துவிட்டுப் பின்வாங்கும் நடுவரைவிட, பேசாமல் இருந்து ஊதும் நடுவரையே வீரர்கள் மதிக்கிறார்கள்.

டெக்னிக்கல் ஃபவுலின் விலை புதியவர்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரியது அல்ல. ஃபீபா விதியில் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. பிறகு ஆட்டம் நின்ற நிலையிலிருந்து தொடரும். ஐந்து ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டிய வீரரின் ஃபவுல் கணக்கிலும் அணியின் கணக்கிலும் ஒன்று ஏறும். ஆனால் இரண்டாவது டெக்னிக்கல் வாங்கினால் அந்த வீரர் வெளியேற்றப்படுவார். அதனால் முதல் டெக்னிக்கல் கொடுத்த கையோடு "இன்னொன்று வந்தால் வெளியே" என்று மிரட்டாதீர்கள். அவருக்கு அது தெரியும்.

ஓட்டத்தில் சொல்லும் பேச்சுக்கும் இதே கணக்குதான். முதல் கால்பகுதியில் "கை" என்று ஒரு முறை சொன்னீர்கள். அடுத்த முறை அதே வீரரின் கை தாளத்தைக் குலைத்தால் ஊதுங்கள். தொடக்கத்திலேயே ஊதப்படும் ஒரு ஃபவுல் பத்துப் பேருக்கும் அளவுகோலைக் காட்டிவிடும். என்னோடு நின்ற அந்தப் புதியவர் இரண்டாவது "கை"யில் ஊதியிருந்தால் மூன்றாம் கால்பகுதிச் சண்டை வந்திருக்காது. நானும் ஓய்வு நேரத்தில் அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

7. பயிற்சியாளரையும் பெஞ்சையும் கையாளும் விதம்

பயிற்சியாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். கருத்துச் சொன்னால் கேட்டுக்கொண்டு நகருங்கள். அவருடைய பேச்சு ஆளைக் குறிவைக்கத் தொடங்கும்போது எச்சரிக்கை. "போதும்" என்று தணிந்த குரலில், முகம் பார்த்து, ஒரு முறை.

பெஞ்சில் யார் கத்தினார் என்று தெரியாவிட்டால் தேடாதீர்கள். பயிற்சியாளரிடம் போய், "உங்கள் பெஞ்சை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பெஞ்சுக்கு வரும் டெக்னிக்கல் அவர் பெயரில்தான் எழுதப்படும் என்பது அவருக்கும் தெரியும்.

8. சிறுவர் ஆட்டங்களில்

விதியை இப்போதுதான் கற்றுக்கொள்ளும் குழந்தைகளிடம் பேச்சு அதிகமாக இருக்கலாம். "தம்பி, கோட்டுக்கு வெளியே வந்து நில்" என்று மூன்று முறை சொன்னாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். இரண்டு அணிகளிடமும் அதே அளவு சொல்லுங்கள். பாதுகாப்பில் மட்டும் சலுகை வேண்டாம்: தள்ளினாலும் முழங்கையை வீசினாலும் உடனே ஊதி, பிறகு விளக்குங்கள்.

9. திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

பின்தங்கியிருக்கும் அணியிடம் மட்டும் பேசுவது. அவர்கள்தான் அதிகம் மீறுகிறார்கள் என்பதால் இது இயல்பாக நடக்கிறது. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்கம் பயிற்சி கொடுப்பது போல இருக்கும். ஒரு முனையில் "வெளியே" என்று சொன்னால், மறுமுனையிலும் அதே நிலை வரும்போது சொல்லியாக வேண்டும்.

நட்சத்திர வீரரிடம் தனிக் கரிசனம் காட்டுவதும் உண்டு. "உங்களுக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல், கவனமாக இருங்கள்" என்று ஒரு நடுவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அடுத்த மூன்று நிமிடங்களில் அந்த வீரரின் இரண்டு தெளிவான தவறுகளை அவர் ஊதவில்லை. எண்ணிக்கையை வீரருக்குச் சொல்வது மேசையின் வேலை, பயிற்சியாளரின் வேலை.

விளையாட்டுத்தனமாகப் பேசுவது இன்னொன்று. வீரரோடு சிரித்துப் பேசியபடி எச்சரித்தால் அவர் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார். எதிரணியோ நட்பு என்று எடுத்துக்கொள்ளும்.

தவறவிட்ட ஃபவுலுக்குப் பேச்சால் ஈடுகட்டுவது எல்லாவற்றிலும் மோசம். பார்த்தீர்கள், விசில் வாய்க்குப் போகவில்லை, இரண்டு விநாடி கழித்து "கை" என்கிறீர்கள். அடி வாங்கியவர் உடனே திரும்பி, "பார்த்தீர்கள் அல்லவா?" என்பார். தவறவிட்டது போய்விட்டது. அடுத்ததைப் பாருங்கள்.

10. கடைசி நிமிடங்களும் ஆட்டம் முடிந்த பிறகும்

கடைசி 2 நிமிடங்களில் விதி கேட்கும் எச்சரிக்கைகளைத் தவிர மற்றப் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் முப்பத்தெட்டு நிமிடங்களில் அளவுகோல் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புள்ளி வித்தியாசம் ஒன்றோ இரண்டோ இருக்கும்போது நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு பக்கம் உதவியாகவும் மறுபக்கம் அநீதியாகவும் கேட்கும்.

த்ரோ-இன் சைகையை மட்டும் ஒருபோதும் மறக்காதீர்கள். அவசரத்தில் பந்தைக் கொடுத்துவிட்டுச் சைகையை விட்டுவிட்டால், பிறகு வரும் குறுக்கீட்டுக்கு டெக்னிக்கல் கொடுக்கும்போது உங்கள் கால் தளர்வான மண்ணில் நிற்கும். ஒரு மூச்சு எடுத்து, சைகை காட்டி, பிறகு பந்தைக் கொடுங்கள்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் முன், யாரை எச்சரித்தோம், அதில் எத்தனை பேர் திரும்பச் செய்தார்கள், அப்போது ஊதினோமா என்பதை சக நடுவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நான் முதன்முதலில் அப்படி எழுதிய நாளில் ஏழு எச்சரிக்கைகள் இருந்தன. மறுபடி செய்தவர்கள் நான்கு பேர். நாங்கள் ஊதியது ஒரு முறை. அடுத்த ஆட்டத்தில் மூன்று முறைதான் எச்சரித்தோம்.